அவசரத்துக்கு யாரை அழைப்பது?

மேடையில் இருக்கும் மேலாளர் அவர்களே, நெடுந்தூரம் பயணம் செய்து வந்திருக்கும் அக்காவின் தங்கையே, வேலையைப் பாதியில் வைத்துவிட்டு இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

பணியாளர் பிரிவைப் பத்தொன்பது ஆண்டுகள் நடத்திய நம் தலைமை எழுத்தருக்குக் கையெழுத்துப் போட ஒரு பெயர் உண்டு. நமக்கு அவர் 'கட்டம் அக்கா'தான். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதிலும் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற கட்டம்! அதற்காக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் நம்மில் யார்?

ஒருமுறை நம் ஓட்டுநர் மயங்கி விழுந்தார். இதைச் சொல்ல அவர் அனுமதி தந்திருக்கிறார். அக்கா அவர் மனைவியை அழைத்தபோது, "நாங்க பேசியே ரெண்டு வருஷமாச்சு" என்று அந்தம்மா வைத்துவிட்டார். அக்காதான் மூன்று நாள் மருத்துவமனைக்கு நடந்தார்.

"பாத்தியா? கல்யாணம் பண்ணிக்கிட்டா கட்டத்துல எழுதப் பேர் கிடைக்கும். ஆள் கிடைக்கும்னு யாரு சொன்னா?" என்றார் என்னிடம்.

"அப்ப கல்யாணமே பண்ணிக்காம நீங்க தப்பிச்சீங்க."

"எங்கடி தப்பிச்சேன்? காய்ச்சல்ல கிடக்கும்போது கதவைக்கூட நானே எந்திரிச்சுத் திறக்கணும். ஆனா யார் மூஞ்சி எப்படி இருக்குன்னு பயப்படாம, புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டுச் சாப்பிடறேன் பாரு, அதை மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

சென்ற மாதம் ஒரு காலையில் அக்கா பேருந்து நிறுத்தத்தில் விழுந்தார். அடையாள அட்டையின் பின்புறம் இருந்த அவசர எண்ணை மருத்துவமனையினர் அழைத்தார்கள். இங்கே அக்காவின் மேசைத் தொலைபேசி அடித்தது. எதிர்மேசையில் நான் இருந்தேன். ஊழியர்களின் வீட்டுச் சங்கதிகள் வரும் தொலைபேசி அது. அவரைத் தவிர யாரும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் பிரிவின் சட்டம். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லோருடைய கட்டத்தையும் சரிபார்த்தவர், தன் கட்டத்தில் தன் மேசை எண்ணையே எழுதியிருந்தார்.

ஏன்? தங்கையிடம் கேட்டேன். "என் நம்பரைப் போடுன்னு எத்தனையோ தடவை சொன்னேன். 'உனக்குக் குடும்பம் இருக்கு, நீ எதுக்கு அலையணும்'னு சொல்லிட்டா" என்றார்.

சிகிச்சையில் குறையில்லை. மாலை மூன்று மணிவரை அக்கா உயிரோடு இருந்தார். தெரிந்த முகம் ஒன்றுகூட அருகில் இல்லாமல் இருந்தார்.

அன்றிலிருந்து எந்தத் தொலைபேசி அடித்தாலும் ஓடிப்போய் எடுக்கிறேன். எனக்கு நாற்பத்து நான்கு வயது, தனியாக இருக்கிறேன். என் அண்ணன் ஒரு வரன் பார்த்திருக்கிறார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். பயத்தில் சரி என்று சொன்னால், அழைக்க ஒரு எண் வேண்டும் என்பதற்காகவா அவரைக் கட்டிக்கொள்வது? வேண்டாம் என்றால், நான் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் விழுவேன்? நேற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் பயம் போகவில்லை.

நாளை முதல் அக்காவின் வேலை என்னுடையது. இனி அந்தத் தொலைபேசியை யாரும் எடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டும். கட்டத்தில் பெயர் இருக்கிறதா என்பதோடு நிற்க மாட்டேன். அந்த ஆள் வருவாரா என்றும் கேட்பேன். மணமானவர்களிடமும் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது அக்காவுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என் படிவத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அண்ணன் வந்துசேர ஒரு பகல் முழுக்க ஆகும். சொல்லுங்கள், இங்கே இருக்கும் உங்களில் யார் பெயரை எழுதட்டும்?