நாலாவது முயற்சியில் ஒரு கஜம்

— இடது பக்கம்னு சொன்னேன்டா. நீ வலதுன்னு டைப் அடிக்கிற.

— வலதுன்னுதான் சொன்னே, ஆர்விட். என் ரெண்டு காதாலயும் கேட்டேன்.

— வாய் வலதுன்னு சொல்லியிருக்கும். நான் சொன்னது இடது.

— சரி ராசா, சரி. உன் வாய் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற, நான் எதைத்தான் அடிக்கிறது? இடது. அடிச்சாச்சு. அடுத்து?

— கரண்டியை எடு.

— சூப்பு இன்னும் வரலையே.

— அது இல்ல. பாரு, மூக்குல மாட்டுவோமே, அது.

— கண்ணாடியா! இந்தா, காட்டு மூஞ்சியை. பக்கவாதம் வந்ததுலேர்ந்து புதுசா ஒரு பாஷையே கண்டுபிடிச்சிட்ட போ.

— சிரி, நல்லா சிரி. கை சரியாகட்டும், வெச்சுக்குறேன் உன்னை.

— உள்ள வரலாமா? டெல்மர் ஐயா, இந்தப் பனியில எப்படி வண்டி ஓட்டிக்கிட்டு வந்தீங்க? எங்க டாக்டரே இன்னும் வந்து சேரல.

— வா நோரீன். இந்த டலூத் ஊருல காலமெல்லாம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன்மா நான். பின்னால அம்பது பிள்ளைங்க கத்தாம ஓட்டுறதே எனக்கு உல்லாசப் பயணம்.

— இவர் கையைக் கொஞ்சம் நீட்டி மடக்கி விடணும். நீங்க உக்காருங்க. காலையிலேர்ந்து அந்த கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?

— ஃபைனல்மா! நம்ம அமெரிக்க ஃபுட்பால், பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுவானுகளே, அந்த லீக் ஃபைனல். மத்தியானம் ஆரம்பம்.

— டிவியில ஒண்ணும் போடலையே.

— டிவியில இல்ல, இதுலயேதான். ஊருக்குள்ள நாங்க கொஞ்சம் பேரு, ஆளுக்கு ஒரு டீம். ஆட்களைப் பொறுக்குறது, பழக்குறது, எந்த நேரத்துல எப்படி ஆடணும்னு உத்தரவு போடுறது, அதெல்லாம் நம்ம வேலை. ஆடி முடிக்கிறது கம்ப்யூட்டர். படம்கூட வராது, எழுத்தா ஓடும்.

— இவர் டீம் ஃபைனலுக்கு வந்திருக்கா? பலே ஆர்விட் ஐயா! எதிர்ல யாரு?

— எதிர்லயா? இதோ உக்காந்திருக்கானே, இவன்தான்.

— அடப்பாவமே! அப்போ உங்க டீமுக்கு இவர் எதுக்கு டைப் பண்றாரு?

— அவன் கை ஓஞ்சு கிடக்கேம்மா. வேற யாரு அடிக்கிறது?

— இவர் ரகசியம் பூரா உங்களுக்குத் தெரிஞ்சு போயிடுமே!

— தெரிஞ்சு என்ன பண்ண? என் உத்தரவை வீட்டுலேர்ந்தே அனுப்பிப் பூட்டிட்டேன். இனிமே நானே நெனச்சாலும் தொட முடியாது.

— பாரு நோரீன், நேர்மையான ஆளு. அதான் கப்பு கிடைக்கல.

— கேட்டியா இவன் வாயை? வருசா வருசம் ஃபைனல் வரைக்கும் வருவேம்மா, தோத்துட்டுப் போவேன். பயலுக எனக்கு ‘ரெண்டாவது டெல்மர்’னு பேரே வெச்சுட்டானுக. முதல் டெல்மர்னு ஒருத்தன் லீக்லயே கிடையாது!

— சரி, அப்படி என்ன ரகசியம் இவரோடது?

— அதைத்தான் சொல்ல வரேன். ரகசியமே இல்ல! இவன் டீம் பந்தை வீசாது. கையில வெச்சுக்கிட்டு ஓடும். இந்தத் தடவையும் ஓடத்தான் போறான்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தனாலயும் நிறுத்த முடியல.

— அது எப்படி?

— நீயே சொல்லுடா டெல்மர். உனக்குத்தான் வாய் நேரா இருக்கு.

— இவன் வாங்கினப்போ அது லீக்லயே நோஞ்சான் டீம். நாங்கல்லாம் தூரமா வீசத் தெரிஞ்சவனுக்குத்தான் சம்பளத்தை அள்ளிக் கொட்டினோம். இவன் போய் யாரும் சீந்தாத அஞ்சு குண்டனுகளைப் பொறுக்கினான். பந்தையே தொடாதவனுகம்மா! முன்னால நின்னு எதிராளியைத் தள்ளுறது ஒண்ணுதான் அவனுக வேலை. “உனக்கு டீம் வேணுமா, இல்ல வீடு மாத்துறப்போ பீரோ தூக்க ஆள் வேணுமா?”ன்னு நானே கேட்டேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சானுக.

— ஓடுறவன் பெரிய சூரனோ?

— தூபெரா? கிழடு. வேகமும் கிடையாது. ஏன்டா அந்தக் கிழடைப் பிடிச்சேன்னு கேட்டா ஆர்விட் சொல்றான், “வாசலைத் தொறந்து வெச்சா என் மாமியார்கூட ஓடுவா”ன்னு.

— ஐயோ, மாமியார் பாவம்!

— அவ நிஜமாவே ஓடுவா, நோரீன். நீ பாத்ததில்ல. ஸ்ஸ்... மெதுவா மடக்கும்மா!

— மன்னிச்சுக்குங்க. விரலை விடுங்க, ஆங், அப்படித்தான். நீங்க சொல்லுங்க டெல்மர் ஐயா.

— அந்த அஞ்சு பேரையும் இவன் விக்கல. எவ்வளவோ கேட்டுப் பாத்தோம், மாத்தல. சேர்ந்து ஆட ஆட அந்த அஞ்சும் ஒரே உடம்பா ஆயிடுச்சு. பந்தும் இவங்கிட்டயே இருக்கும். கொஞ்சம் ஓடுவான், விழுவான், மறுபடி கொஞ்சம். கடிகாரம் பாட்டுக்கு ஓடும். என் வீச்சுக்காரன், அவ்வளவு சம்பளம் வாங்குறவன், பெஞ்சுல போர்வையைப் போத்திக்கிட்டு வேடிக்கை பாப்பான். கடைசி கால்பாகத்துல என் ஆளுக நாக்கு தள்ளி நிப்பானுக. அப்போதான் இவன் குண்டனுக சாப்பிட்டுத் தூங்கி எழுந்த மாதிரி வருவானுக. எத்தனை தடவை அப்படித் தோத்திருக்கேன்! தோத்துட்டு, மறுநாள் காபி குடிச்சுக்கிட்டே அதே ஆட்டத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்சிருக்கேன். அவ்வளவு அழகும்மா.

— அழகு ஒண்ணும் இல்ல. கப்பல்ல இரும்புக்கல் ஏத்தினவன் நான். ஒரே பக்கமா அவசரமா கொட்டினா கப்பல் சாஞ்சுடும். கொஞ்சம் கொஞ்சமா கொட்டணும். அதேதான் இது.

— இப்போ எவ்வளவு தெளிவாப் பேசுறீங்க! காலையில என்னை நான்சின்னு கூப்பிட்டீங்களே.

— நான்சி யாருடா?

— யாரோ. வாய்ல வந்துச்சு. விடு, நேரமாகுது, மிச்சத்தை அடி.

— ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. கடைசி நேரம், தோத்துக்கிட்டு இருக்கோம், எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜம், நாலாவது முயற்சின்னு வந்தா என்ன உத்தரவுன்னு கேக்குது. இதுக்கு மேல வாய்ப்பு கிடையாது. என்ன போடட்டும்? கேக்கவே வேண்டாம், இடது பக்கம் ஓட்டம்.

— வீசு.

— எதை வீச?

— பந்தைத்தான். வீசச் சொல்லு.

— ஆர்விட், ஒரு கஜம்டா. அஞ்சு பேரும் சும்மா சாஞ்சாலே தாண்டிடலாம். உன் ஆளுல எவனுக்குடா வீசத் தெரியும்?

— என் டீம். நான் சொல்றதை அடி.

— டெல்மர் ஐயா, ஒரு நிமிசம் இப்படி வாங்க. மெதுவாப் பேசுங்க. மாத்திரையை மாத்தியிருக்காங்க. சில நேரம் ஒண்ணை நெனச்சு ஒண்ணைச் சொல்லுவாரு. தப்பா எடுத்துக்காதீங்க.

— கால் வரல, கை வரல. காது நல்லாத்தான் இருக்கு நோரீன்.

— அய்யய்யோ. நான் போயி சூப்பு கொண்டாரேன்.

— என்னடா திருதிருன்னு முழிக்கிற? அடிச்சியா?

— அடிச்சுட்டேன். அனுப்பியும் ஆச்சு. நிம்மதியா இரு.

— பாரு டெல்மர், இன்னொண்ணு. பனி கரைஞ்சதும் மக வந்து என்னை அரிசோனா கூட்டிட்டுப் போறா. இதான் எனக்கு கடைசி சீசன்.

— அரிசோனாவுல கம்ப்யூட்டர் கிடையாதா?

— இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்து அடிச்சுக் குடுக்க நீ இருக்க மாட்டியே.

— போனைப் போட்டு அடிக்கச் சொல்லு. பிரிவு உபச்சாரமெல்லாம் பேசாதே, எனக்குப் பிடிக்காது. தோ, ஆரம்பிச்சுட்டானுக! இரு, தலையணையை நிமித்துறேன்.

— படி. எழுத்து பொடிப்பொடியா இருக்கு.

— முதல் பந்து உனக்கு. தூபெர், இடது பக்கம், நாலு கஜம். தூபெர், மூணு. தூபெர், ஆறு. இவன் ஒருத்தன் பேரை மட்டுமே படிக்கணும்னா என்னை எதுக்குடா கேட்ட?

— படி.

— சூப்பு வந்தாச்சு. யாரு ஜெயிக்கிறா?

— அப்போவே பாதி ஆட்டம் தாண்டியாச்சும்மா. நான் நாலு புள்ளி முன்னால! என் பையன் ரெண்டு தடவை தூரமா வீசித் தள்ளிட்டான். ஆர்விட், என் தடுப்புக்காரனுகளைப் பாத்தியா? கூட்டமா முன்னால நிக்க வெச்சிருக்கேன். உனக்காகவே செஞ்சது.

— நல்லா செஞ்சிருக்கடா. நிஜமா. என்னை இவ்வளவு கட்டிப் போட்டவன் எவனும் இல்ல.

— நீ வாய் தொறந்து பாராட்டுற அளவுக்கு ஆயிடுச்சா? எனக்கு பயமா இருக்கு.

— சூப்பு ஆறுது ரெண்டு பேருக்கும்.

— இரும்மா! கடைசி கால்பாகம். பந்து இவங்கிட்ட. மைதானத்தோட அந்தக் கடைசியிலேர்ந்து வரணும். தூபெர், அஞ்சு. தூபெர், எட்டு. பாரேன், ஆரம்பிச்சுட்டானுக! தூபெர், பதினொண்ணு! என் ஆளுகளுக்கு மூச்சு வாங்குது. எழுத்துலயே தெரியுது பாரு!

— உங்க டீம்தானே தோக்கப்போகுது? நீங்க ஏன் குதிக்கிறீங்க?

— நீயே பாரும்மா, எவ்வளவு பெரிய வேலை இது! எட்டுப் பேரை வெச்சு வாசலை அடைச்சிருக்கேன், அவனுக கதவோட நிலையையும் சேர்த்துப் பேத்துக்கிட்டு வரானுக. மூணு. நாலு. இதோ, கோட்டுக்கு ஒரு கஜம். நேரம் முடியப் போகுது. நாலாவது முயற்சி.

— படிடா.

— ஓட்டம். இடது பக்கம். தூபெர், குனிஞ்சு, அஞ்சு பேரும் சேர்ந்து தள்ள... டச்டவுன்! தாண்டிட்டான்! ஆர்விட், ஜெயிச்சுட்டடா! கப்பு உனக்கு! குண்டனுகளா, என் கண்ணுகளா!

— கங்கிராட்ஸ் ஆர்விட் ஐயா! ஏன் இப்படிப் பாக்குறீங்க? தலை சுத்துதா? பிரஷர் பாக்கட்டுமா?

— வீசுன்னு சொன்னேன்.

— ஆமாடா. சொன்னே.

— அடிச்சுட்டேன்னு சொன்னியே.

— அடிச்சேன். ஓட்டம்னு அடிச்சேன். திட்டணும்னா திட்டிக்கோ. மாத்திரை மயக்கத்துல வாய் தவறி வந்த ஒரு வார்த்தையால அந்த டீம் தோக்கணுமா? அதுவும் என் விரலாலயா? நான் தோத்துப் பழகினவன், இன்னொரு தடவை தோத்தா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டேன்.

— கழுதை. கிழட்டுக் கழுதை.

— சரி, திட்டு.

— வாய் தவறலடா. இன்னிக்குப் பூரா அந்த ஒரு வார்த்தையைத்தான் யோசிச்சு, சரியாச் சொன்னேன். நான் ஊரை விட்டுப் போறதுக்குள்ள நீ ஒரு தடவை கப்பைத் தூக்கி நான் பாக்கணும்னு.