நம்பகமான எண்

ஏற்காட்டில் பனி இறங்கினால் போன் சிக்னலும் கூடவே இறங்கிவிடும். ஆகவே, சார், இதைத் தொடங்கியது நான் இல்லை, பனிதான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பேர் செல்லப்பன். கடைவீதியில் செல்போன் கடை. யாருடைய மெயிலையோ திருடிவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பியதும், எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். இரண்டாவது பூட்டு போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டு மட்டும் போதாது. ஒரு நம்பருக்கு ரகசிய எண் வரும், கோடு என்பார்கள், அதையும் போட்டால்தான் உள்ளே விடும். எந்த நம்பர் என்று திரையே கேட்கும். நம்பகமான எண்ணைத் தரவும் என்று.

நான் எதையும் மறைக்கவில்லை. வாய்விட்டு வாசித்து, "நம்பகமான ஆளு ஆருங்க?" என்று கேட்பேன். நம் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியாததா? எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பேரைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. தலைச்சோலை மாதேஸ்வரன் பக்கத்தில் நின்ற சம்சாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்கள உட்டா வேற ஆருங்க" என்றார்.

என் நம்பரைப் போட்டேன். அடுத்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒரு நம்பர் தாங்கவில்லை. கைக்காசில் இன்னும் இரண்டு சிம் வாங்கினேன்.

அதற்கப்புறம் எனக்கு மரியாதையே தனி. பலா அறுத்தால் முதல் சுளை கடைக்கு வந்துவிடும். மாதேஸ்வரன் பேத்தியின் காதுகுத்துக்கு என்னை அழைக்க மறந்துவிட்டார். அந்த வாரம் அவருக்குக் கோடே வரவில்லை. பிறகு வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைத்தார். விசேஷம் முடிந்திருந்தது. எனக்காக மறுபடி இலை போட்டார்கள்.

சிவரஞ்சனி விஷயத்துக்கு வருகிறேன். என் கடையில் வேலை பார்க்கிற பெண், எஸ்டேட் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. அவள் இருப்பதால்தான் கடை கடையாக இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்தது. சாயந்திரத்துக்குள் மெயிலில் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அவளோ அன்றுதான் புதுப் போன் மாற்றியிருந்தாள். மெயில் கோடு கேட்டது. அவளுக்கும் நம்பகமான எண் என்னுடையதுதான். நம்பரை மாற்றலாம் என்றால் அதற்கும் அதே கோடு வேண்டும்.

"ஏனுங்கண்ணா, கோடு வந்துச்சுங்களா?"

"வரலியே கண்ணு. பனி."

மறுபடி மறுபடி அனுப்பச் சொன்னாள். என் சட்டைப்பை அதிர்ந்துகொண்டே இருந்தது, நெஞ்சில் கூச்சமாக இருந்தது. கடை லேண்ட்லைனில் கம்பெனிக்குப் போன் போட்டாள். மெயிலில்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டார்களாம். மனசு கேட்காமல், சேர்வராயன் கோயில் வரை ஜீப்பில் நானே கூட்டிப்போனேன். அங்கே நல்ல வெயில், சிக்னல் முழுசாக இருந்தது. போனை உயரத் தூக்கிப் பிடித்தேன். பொழுது சாய்ந்ததும் அவள் அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, சார்.

மறுநாள் வேலைக்கு வந்து, "என்னால உங்களுக்கு நொம்ப அலைச்சலுங்கண்ணா" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஆமாம், எல்லாக் கோடும் வந்தது. ஒவ்வொன்றாகப் படித்து அழித்தேன். அவள் நல்லதுக்குத்தான். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற பிள்ளை, சார். அதைத் தனியாக வெளியூருக்கு அனுப்பி, எவனாவது ஏமாற்றிவிட்டால்?