பரிசீலனையில் இருக்கும் சம்பளம்

காலை எட்டே முக்காலுக்கு, காந்திபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவருக்கு ஒரு போன் வந்தது. ராணுவப் பட்டறையில் சிவிலியன் பிட்டர் என்று அவர் கழுத்தில் தொங்கிய அட்டை சொன்னது. பேசி முடித்ததும், கூட நின்றிருந்த சக ஊழியரைக் கேட்டார்:

“ஏனுங்க, யூனிபார்ம் போட்டிருந்தாத்தான் பசிக்குமுங்களா?”

“என்னாச்சுங்க?”

“சம்பள உயர்வு பட்டாளத்துக்காரங்களுக்கு மட்டுந்தானாமா. நம்மளது இன்னும் பரிசீலனையிலயே இருக்குதாமா.”

“ஒரே இன்ஜினைத்தானுங்க ரெண்டு பேரும் கழட்டி மாட்டறோம்?”

“அதை யாருகிட்டச் சொல்றது? வந்துரும்னு நம்பி புள்ளைக்கு நர்சிங் சீட்டுக்குச் சொல்லிப்போட்டேன். இன்னைக்குப் பணம் கட்டலீன்னா சீட்டு போயிருமுங்க.”

“சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமுங்களா?”

“இப்பப் போன் பண்ணுனதே அவங்கதானுங்க.”

“புள்ளைக்கு இது தெரியுமுங்களா?”

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் வரும் பக்கம் பார்த்தார். என் மகளுக்கும் கல்லூரியில் சேரும் வயது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அப்போது போத்தனூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், புதுப் பையோடு அவரிடம் ஓடிவந்தாள்.

“அப்பா, ஹாஸ்டல்ல எனக்கு ஜன்னலோரக் கட்டிலுங்க! வாங்க, பணம் கட்டிப்போட்டு வந்தரலாம்.”