வலது பக்கமாகப் போன கேபிள்

காரில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் பலரும் ஸ்பீக்கரைத்தான் குறை சொல்வார்கள். பாதி நேரம் கோளாறு கரண்டில்தான் இருக்கும். பண்டமாரானில் பதினெட்டு வருடமாகக் கார் வயரிங் வேலை பார்க்கிறேன், சார். நாகையா என்று கேட்டால் போர்ட் கிள்ளான் வரைக்கும் தெரியும்.

என் தங்கை தனலெட்சுமிக்கு ஒன்பது வயதானபோது அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா அதற்கு முன்பே இல்லை. நான் சடை பின்னக் கற்றுக்கொண்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பாலனை அவளுக்குக் கட்டிவைத்ததும் நான்தான். என் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று பேசித்தான் கட்டிவைத்தேன்.

தொண்ணூற்று நான்கில் பாலனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. சாப்பாட்டு மேசையில் சொன்னான். தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

அந்த வாரமே பாலன் தன் காரைப் பட்டறைக்குக் கொண்டு வந்தான். பின்னால் ஆம்பிளிபையரும் இரண்டு பெரிய வூஃபரும் பூட்டியிருந்தான்.

“மச்சான், பேஸ் அடிக்கிறப்பெல்லாம் ஹெட்லைட் மங்குது. ஜொகூர் வரைக்கும் பாட்டு கேட்டுக்கிட்டே போகணும்லா.”

“வெச்சிட்டுப் போங்க மாப்பிள்ளை.”

நல்ல வேலைதான் செய்தேன். பெரிய ஆல்டர்நேட்டர், புது பாட்டரி, தடித்த எர்த் வயர். பாட்டரியிலிருந்து பின்பக்கம் வரை விரல் தடிமனில் கேபிள் இழுத்தேன். இரண்டு இடத்தில் மட்டும் குறை வைத்தேன். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், எவ்வளவு கரண்ட் பாய்ந்தாலும் அறுந்துபோகாத செம்புத் துண்டு ஒன்றை வைத்தேன். கேபிள் கடந்துபோகும் ஒரு தகரத் துளைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. கார் ஓட ஓடத் தகரம் கேபிளை அறுக்கும். கொஞ்சம் புகை வரும், பயந்து திரும்பி வந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நேரத்துக்குச் சாப்பிடுண்ணே. தீபாவளிக்கு வந்துடுவோம்.”

பாலன் பக்கத்தில்தான் ஏறி உட்கார்ந்தாள். நானே கதவைச் சாத்தினேன்.

செரம்பானில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது அவள் சாவியை வாங்கிக்கொண்டாளாம். லைசென்ஸ் எடுத்து மூன்று மாதமாம். பாலன் எனக்குத் தெரியாமல் பழக்கியிருக்கிறான். ஜொகூர் போய்ச் சேர்ந்ததும், “நாந்தாண்ணே ஓட்டிட்டு வந்தேன்” என்று போனில் சொல்ல ஆசைப்பட்டாளாம்.

அரை மணி நேரத்தில் சீட்டுக்கு அடியில் தீப்பிடித்தது. புகையில் கண் தெரியாமல் கார் சாலையோரக் கால்வாயில் இறங்கியது. வலது கதவு திறக்க முடியாதபடி கால்வாய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பாலன் இடது பக்கமாக வெளியே விழுந்து, மறுபடியும் உள்ளே கையை விட்டு இழுத்தான். அவன் இரண்டு கையும் வெந்துபோயின. அவள் வரவில்லை.

விபத்து என்று எழுதி மூடினார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பாலன் ஜொகூருக்குப் போகவே இல்லை. வாரம் ஒருமுறை என் வீட்டுக்கு வந்து, அவள் துணி வைத்திருந்த அலமாரிக்கு முன்னால் உட்காருவான். “நாந்தான் மச்சான் பாட்டுச் சத்தத்த ஏத்தி வெச்சேன். நாந்தான் அவளக் கொன்னுட்டேன்” என்பான். அந்தக் கைகளால் கண்ணைத் துடைக்க முடியாது அவனுக்கு. நான் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டு, “விடுங்க மாப்பிள்ளை, விதிலா” என்பேன். இப்படியே ஒரு வருடம்.

நேற்று அவளுக்குத் திதி. ஐயர், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் பாலன் அதையே சொன்னான். எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, சார். அவளுடைய சாவைக்கூட அவன் தன்னுடையதாக்கிக்கொண்டான். அதனால்தான் இன்று காலையில் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

புகை மட்டும்தான் வரும் என்று நினைத்ததாகச் சொன்னேன். அது பொய். அந்தக் காரில் பாட்டரி இடது பக்கம் இருந்தது. இடது பக்கமாகவே கேபிளைக் கொண்டுபோனால் தூரமும் குறைவு, வேலையும் சுலபம். நான் அதை வலது பக்கம் திருப்பி, டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த அந்தத் துளை வழியாக விட்டேன். அவன் உட்காரும் இடம் அது.

ஆகவே, சார், தங்கையைக் கொன்றதாக எழுதாதீர்கள். நான் கொன்றது பாலனைத்தான்.