சீதன வீட்டுக் காக்கா

புத்தளம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். ஜன்னலோரம் அவர்கள் 'காக்கா' என்றழைக்கும் மூத்த சகோதரர். நாற்பது வயதிருக்கும். அவருடைய சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிட்டாள்.

"சீதன ஊட்டோட காக்காவும் சேத்தி எண்டு மாப்புளட்டச் சொன்னியா?" என்றாள் அக்கா.

"இல்ல ராத்தா. உம்மா இரிக்கிறாதானே."

"உம்மா மவுத்தானா காக்காவ ஆரு பாக்கிற? நிக்காஹ்வுக்கு முந்தியே சொல்லிப் போடு."

"அவர் வேணாமெண்டா?" தங்கையின் குரல் இறங்கியது.

"அப்ப அவரும் வேணாம்."

காக்கா ஜன்னலிலிருந்து மெதுவாகத் திரும்பினார். "என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. மாப்புள வந்து இரிக்கப்போறது நம்மட ஊட்டுலதானே. அவன் கொறட்ட உடுவானா?"

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தெரியா காக்கா," என்றாள் தங்கை.

"அவன்ட உம்மாட்டக் கேளு. அதுக்குப் பொறகுதான் நான் ஓம் சொல்லுவன்."