கூடையில் வந்த எலுமிச்சை

விதாத்: தெருக்கதவைத் திறங்க அண்ணி! எவ்வளவு நேரமா நிக்கறேன்...

இன்ஷிராஹ்: இரு, இரு... படியெல்லாம் சோப்புத் தண்ணி. வழுக்கும்.

விதாத்: வழுக்கினா விழுந்துட்டுப் போறேன்.

இன்ஷிராஹ்: வாயைக் கழுவு! விழறாளாம்!

விதாத்: சும்மா சொன்னதுக்கு ஏன் இப்படிக் கத்தறீங்க?

இன்ஷிராஹ்: ஒண்ணுமில்ல... மேல வராதே, அவ்வளவுதான். பால்கனியிலேருந்து கூடையை இறக்கறேன். கொண்டுவந்ததை அதுல போடு.

விதாத்: கூடையா? நான் என்ன தக்காளி விக்க வந்தவளா? வெள்ளிக்கிழமைன்னா இங்கதான் எனக்குச் சாப்பாடு. இது என் அண்ணன் வீடு!

பிக்ரியா: எதிர் மாடிக்காரி எனக்கெதுக்கு வம்பு... ஆனா நாத்தனாரைத் தெருவுல நிறுத்தற அண்ணியை இன்னிக்குத்தான் பார்க்கறேன்.

இன்ஷிராஹ்: பிக்ரியா, உன் அடுப்புல ஏதோ தீயுது பாரு.

பிக்ரியா: நான் இன்னும் அடுப்பே பத்தவைக்கலியே!

விதாத்: ஹமாதா எங்க? சத்தத்தையே காணோம். டேய் ஹமாதா! அத்தை வந்திருக்கேன்டா... தந்தா ஊர்லேருந்து மிட்டாய்!

இன்ஷிராஹ்: கூப்பிடாதே... ஓடி வந்துடுவான். அவனுக்கு உடம்பு சரியில்ல. முகத்துலேருந்து வயிறு வரைக்கும் செவப்பு செவப்பாப் பொரிஞ்சிருக்கு. காதுக்குப் பின்னால நெறி கட்டியிருக்கு.

விதாத்: ஐயோ, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? திறங்க, மடியில போட்டுக்கறேன். எனக்குச் சின்ன வயசுலேயே தட்டம்மை வந்து போயாச்சு.

இன்ஷிராஹ்: அது வேற, இது வேறடி. டாக்டர் ருபெல்லாங்கறார். ஜெர்மன் தட்டம்மையாம்.

பிக்ரியா: ஜெர்மன்காரனுக்கும் நம்ம சந்துக்கும் என்ன சம்பந்தம்?

இன்ஷிராஹ்: கிருமி என்ன பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டா வருது? இருமினா, தும்மினா ஒட்டிக்கும். பொரியறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒட்டுமாம். பையனுக்கு ஒண்ணுமில்ல, இப்பவே பந்து விளையாடணுங்கறான்...

விதாத்: அவனுக்கே ஒண்ணுமில்லேன்னா எனக்கு மட்டும் என்ன வந்துடும்?

இன்ஷிராஹ்: இந்தக் கூடைக் கயிறு வேற சிக்கிக்கிச்சு...

விதாத்: அண்ணி?

இன்ஷிராஹ்: பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் ஆகாதாம். முதல் மூணு மாசத்துல ஒட்டிச்சுன்னா வயித்துல இருக்கறதோட கண்ணு, காது, இதயம்... எதையும் விட்டுவைக்காதாம்.

பிக்ரியா: அப்ப விதாத்துக்கு என்ன பயம்? எட்டு வருஷமா அவளுக்குத்தான்...

இன்ஷிராஹ்: பிக்ரியா! உள்ள போ. போய் அடுப்பைப் பத்தவை!

பிக்ரியா: போறேம்மா, போறேன்... இல்லாததையா சொன்னேன்...

விதாத்: விடுங்க அண்ணி... கூடையை இறக்குங்க. மிட்டாயைப் போட்டுட்டு நான் கெளம்பறேன்.

இன்ஷிராஹ்: முதல்ல அதுல இருக்கறதை எடுத்துக்க.

விதாத்: என்ன இது... எலுமிச்சை? உப்பு பிஸ்கட்? எதுக்கு?

இன்ஷிராஹ்: காலையில எழுந்திருக்கும்போதே ஒரு பிஸ்கட்டைக் கடி. குமட்டல் அடங்கும். எலுமிச்சையை மோந்து பாத்துக்க.

விதாத்: அண்ணி... பிக்ரியா போயிட்டாளா?

இன்ஷிராஹ்: போயிட்டா. மெதுவாப் பேசு.

விதாத்: யார் சொன்னா உங்களுக்கு?

இன்ஷிராஹ்: யார் சொல்லணும்? வசந்தத் திருநாளுக்கு ஊறவெச்ச உப்பு மீனை மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளிவெச்சியே... தலைதான் வேணும்னு உங்க அண்ணன்கூட மல்லுக்கட்டறவ நீ! கண்ணு பட்டுடும்னு மூணு மாசம் யார்கிட்டயும் சொல்லமாட்டோம், அதான் நானும் வாயைத் திறக்கல. அதைச் சொல்லாம உன்னை எப்படித்தான் தடுக்கறது?

விதாத்: போன வாரம் நான் வந்திருந்தேன்னா...

இன்ஷிராஹ்: ரெண்டு வாரமா தந்தாவுல மாமியார் வீட்டுல இருந்தே. அதுக்கு இறைவனுக்கு நன்றி சொல்லிச் சொல்லியே என் நாக்கு வறண்டு போச்சுடி. இருந்தாலும் நாளைக்கே ரத்தம் கொடுத்துப் பாரு. உனக்கு இது எப்பவோ வந்து போயிருந்தா அதுல தெரிஞ்சிடுமாம்.

விதாத்: கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பேன் அண்ணி... அண்ணன்கிட்ட உங்களைப் பத்தி மூட்டிவிட்டிருப்பேன்.

இன்ஷிராஹ்: மூட்டிவிடேன், யார் வேணாங்கறா! நாத்தனார்னா வேற என்ன வேலை? ...அழாதே, மூக்கைத் துடை. உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? குதிச்சிருப்பாரே?

விதாத்: அவருக்கு இன்னும் தெரியாது அண்ணி... முதல்ல உங்க காதுல சொல்லணும்னுதான் ரயிலைவிட்டு இறங்கி நேரா இங்க வந்தேன்.