வாந்திக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை

வாந்தி பட்ட துணியை வெந்நீரில் போடக் கூடாது, மேடம். எல்லோரும் செய்கிற தவறு அது. அருவருப்பில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிடுவார்கள். சூடு பட்டதும் கறை நூலோடு வெந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் எந்த மருந்துக்கும் அசையாது. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பொறுமை. அவ்வளவுதான் தேவை.

நான் நாற்பத்தோரு வருடம் டிரைகிளீனிங் கடையில் இருந்தவன். பில் போடுகிற முன்பக்கம் இல்லை. பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேஜை, நீராவிக் குழாய், இரண்டு பிரஷ், ஏழெட்டு பாட்டில். வருகிற துணியை விரித்து, எந்த இடத்தில் என்ன கறை என்று முகர்ந்து கண்டுபிடிப்பது என் வேலை. முட்டையா, எண்ணெயா, ரத்தமா, குழந்தையின் மூத்திரமா, கிழவரின் மூத்திரமா என்பதை மூக்குதான் சொல்லும். கடையில் எனக்குப் பெயரே 'மூக்கு'தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு அருவருப்பு கிடையாது. என் மனைவிக்கு உண்டு.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் ஒரு கருவி, எதிரே சுத்தமான பலகை, நாள் முழுக்க இனிமையான குரலில் பேசிச் சம்பாதித்தாள். நான் வீட்டுக்கு வரும்போது கடை மருந்தின் நெடி என்னோடு கூடவே வரும். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பேன். ஆனாலும் நான் பரிமாறப் போனால், "இல்ல, நானே போட்டுக்கறேன்" என்பாள். ஆரஞ்சு உரித்து ஒரு சுளையைக் கொடுத்தால் வாங்கித் தட்டின் விளிம்பில் வைப்பாள். சாப்பாடு முடிகிறவரை அது அங்கேயே இருக்கும். கடைசியில் நான்தான் எடுத்துத் தின்பேன். சண்டை எதுவும் கிடையாது. அவள் கெட்டவளும் இல்லை. மூக்கைச் சுளிக்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்காதீர்கள்.

அவளுக்கு அறுபத்தாறு வயதில் கழுத்தில் கட்டி வந்தது. லிம்ஃபோமா, ஒரு வகைப் புற்றுநோய் என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை கீமோ. முதல் தடவை முடிந்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்து வரும்போது திடீரென்று அவளுக்குக் குமட்டியது. பக்கத்தில் பாத்திரம் இல்லை, வாளி இல்லை. நான் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினேன். அவள் என் கைக்குள் வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு, நெற்றியை என் மணிக்கட்டில் சாய்த்து, "உங்க கை ஜில்லுனு நல்லாருக்குங்க" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் என் கையைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் என் கையால்தான் சாப்பிட்டாள். என் கையால்தான் குளித்தாள். முடி கொட்டிய தலையை நான் துடைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். மற்றவர்களெல்லாம் வாசலிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். வாடை தாங்காது. எங்கள் தாம்பத்தியம் எவ்வளவு காலம் என்று கேட்டால் நாற்பத்திரண்டு வருடம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் ஐந்து மாதம்.

பிறகு குணமாகிவிட்டது. "சுத்தமா போயிடுச்சு" என்று டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பத்து நாள் கழித்து ஒரு சுளை உரித்துக் கொடுத்தேன். வாங்கித் தட்டின் விளிம்பில் வைத்தாள். அந்த மாதக் கடைசியில், என் குறட்டையில் தூக்கம் வரவில்லை என்று கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள். முடி வளர்ந்தது. தங்கையோடு தினமும் நடக்கப் போனாள். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதே இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வருவார்கள். என்னவென்று கேட்டால், "உங்களுக்குச் சொன்னா புரியாது" என்பாள்.

நாலு வருடம் கழித்துக் கட்டி மறுபடி வந்தது. இந்த முறை அக்குளில். நான் வருத்தப்பட்டேன், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வருத்தத்தோடு வேறொன்றும் இருந்தது. பெட்டியில் கிடந்த பழைய சட்டையை எடுத்துப் போட்டுப் பார்க்கும்போது அது இன்னும் சரியாக இருந்தால் ஒரு நிம்மதி வருமே, அந்த மாதிரி. அவள் டாக்டரோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே போன தடவை வாந்திக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் பேசினைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி வைத்துவிட்டேன்.

பேசின் தேவைப்படவில்லை. இந்த நாலு வருடத்தில் வாந்திக்கு நல்ல மாத்திரை வந்துவிட்டதாம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. முதல் கீமோ முடிந்த மறுநாள் அவள் மேஜையில் உட்கார்ந்து தங்கையோடு அவித்த முட்டை சாப்பிட்டாள். இரண்டு முட்டை. உடம்புக்குள் விஷம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மனுஷி அப்படிச் சப்புக்கொட்டித் தின்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உதட்டோரத்தில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. அதை நாக்கை நீட்டி நக்கிக்கொண்டு மேலே பேசினாள். வாழ்க்கையில் எவ்வளவோ அழுக்கைப் பார்த்தவன் நான். எனக்கு முதல் தடவையாகக் குமட்டியது அன்றைக்குத்தான்.

"அத்தான், இந்தத் தடவை உங்களுக்கு வேலையே இல்ல போலிருக்கே" என்றாள் மச்சினி.

"அவரும் பாவம், போன தடவை ரொம்ப அலைஞ்சுட்டார். அடுத்த கீமோவுக்கு நீ கூட வா. அவர் வீட்லயே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

என் நல்லதுக்குத்தான் சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

அந்த மாத்திரை சின்னது, வெள்ளை, வட்டம். எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த சத்து மாத்திரையும் சின்னது, வெள்ளை, வட்டம். அட்டையிலிருந்து பிரித்து, நாள்வாரியாக டப்பாவில் அடுக்குவது முதல் வியாதிக் காலத்திலிருந்தே என் பொறுப்பு. ஒரு வெள்ளை இருந்த இடத்தில் இன்னொரு வெள்ளையை வைத்தேன். நீங்கள் எழுதியிருக்கிற வார்த்தை பெரிதாக இருக்கிறது. செய்தது இவ்வளவுதான்.

இரண்டாவது கீமோவுக்கு மச்சினிதான் கூடப் போனாள். மறுநாள் மதியம் ஆரம்பித்தது. முதலில் சாப்பிட்டது வந்தது, பிறகு தண்ணீர், பிறகு பச்சையாகப் பித்தம், கடைசியில் ஒன்றும் வராமல் சத்தம் மட்டும். மச்சினி நல்லவள்தான், ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்கு வெளியே ஓடினாள். மூன்றாம் நாள், "எனக்கே தலை சுத்துது அத்தான், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று கிளம்பிவிட்டாள். நான் ஏன் தப்பாக நினைக்கப் போகிறேன்.

அன்று மாலை ஒரு சுளையை உரித்து, கொட்டை எடுத்து, தோல் நீக்கி அவள் உதட்டில் வைத்தேன். வாயைத் திறந்தாள். என் விரலோடு சேர்த்து ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டாள். அது வயிற்றில் தங்கவில்லை என்பது வேறு விஷயம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சாட்சி சொல்வார்கள். தங்கமான மனுஷன், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர், இந்தக் காலத்தில் எந்தப் புருஷன் இப்படிச் செய்வான் என்று. ஒரு நாளைக்கு நாலு தடவை விரிப்பு மாற்றினேன். அவள் மேல் ஒரு துளி வாடை இருக்க விட்டதில்லை. நீங்கள் விசாரித்துப் பாருங்கள்.

டாக்டர் குழம்பினார். "கட்டி பாதிக்கு மேல கரைஞ்சிருக்கு. மருந்து அருமையா வேலை செய்யுது. இந்த வாந்திதான் ஏன்னு தெரியல" என்றார். வேறு மாத்திரை எழுதினார். அதுவும் வெள்ளைதான். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு நாக்கு வறண்டு, எழுந்தால் மயக்கம் வந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி போட்டார்கள். அங்கே நன்றாயிருந்தாள். ரொட்டி கேட்டுச் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்த மறுநாள் மறுபடி பேசின்.

"வீட்ல ஏதாவது வாடை ஒத்துக்கலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பழைய காலமாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் இல்ல டாக்டர். இவர் என்னைக் குழந்தை மாதிரி பார்த்துக்கறார். இவர் இல்லன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன்" என்றாள். டாக்டர் எதிரே சொன்னாள், மேடம். நர்ஸும் இருந்தாள்.

நாலாவது கீமோவுக்குக் குறித்த தேதிக்கு முந்தின நாள், "என்னால முடியலங்க, போதும்" என்றாள். டாக்டரிடம் போய் உட்கார்ந்தோம். இன்னும் மூன்று தடவைதான், முடித்துவிட்டால் சில வருடங்கள் நிம்மதியாக இருக்கலாம், நிறுத்தினால் மூன்று நாலு மாதம்தான் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். "வாந்தியை மட்டும் கட்டுப்படுத்திட்டா போதும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். அப்போது என் சட்டைப் பையில் அந்த வாந்தி மாத்திரை மூன்று அட்டை இருந்தது. மச்சினி வரும்போதெல்லாம் அலமாரியைத் துடைக்கிறவள் என்பதால் நான் அவற்றை வீட்டில் வைப்பதில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். நாற்பத்தைந்து கிலோகூட இருக்க மாட்டாள் அப்போது. கண் மட்டும்தான் மீதி. "நீங்க சொல்லுங்க. தாங்கிக்கோன்னு நீங்க சொன்னா தாங்கிக்கறேன்" என்றாள்.

நான் யோசித்தேன். யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதாதீர்கள். பையில் கை விட்டால் போதும். ஏதோ தவறாகிவிட்டது, மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்கள். அவள் பிழைத்துக்கொள்வாள். பிழைத்து எழுந்து, முன்னறைக் கட்டிலுக்குப் போவாள். முட்டை தின்பாள்.

"உன் இஷ்டம்மா. நீ படற கஷ்டத்தை இதுக்கு மேல என்னால பார்க்க முடியல" என்றேன்.

டாக்டர் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

கீமோ நின்றால் வாந்தியும் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் கட்டி வயிற்றுக்குள்ளும் வளர்ந்து குடலை அழுத்தியது. ஆக, அதற்கப்புறம் வந்த வாந்தி நோயினால் வந்தது. அதை என் கணக்கில் சேர்க்கக் கூடாது. டப்பாவில் அப்போதும் என் மாத்திரைதான் இருந்தது என்பது உண்மை. பழக்கம்.

வீட்டுக்கே வந்து பார்க்கிற நர்ஸ் ஒருத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். முதல் நாளே அவள் டப்பாவைத் தொடாமல் தன் பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். முக்கால் மணி நேரத்தில் என் மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, "வயிறு அமைதியா இருக்கே. இது என்ன மாத்திரை?" என்று கேட்டாள்.

"ஆரம்பத்துல உங்களுக்கு எழுதிக் கொடுத்ததுதாம்மா. அதே மாத்திரைதான்."

"கொஞ்சம் காட்டு."

நர்ஸ் ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தாள். என் மனைவி டப்பாவைத் திறந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல நடுவுல ஒரு கோடு இருக்கு. அதுல இல்ல" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்கிற குரலில்தான் சொன்னாள். நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு நர்ஸிடம், "என் தங்கச்சியை வரச் சொல்லும்மா. இவர் இனிமே என்னைத் தொட வேண்டாம்" என்றாள்.

அந்த டப்பாதான் இப்போது உங்கள் மேஜையில் இருப்பது. மாற்றியது நான்தான். வேறு யாருக்கும் தெரியாது. இரண்டாவது கீமோவிலிருந்து கடைசிவரை ஒரு வேளைகூட விடாமல் மாற்றினேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்றைத் திருத்திவிடுங்கள். மாத்திரையைக் கண்டுபிடித்த பிறகு அவள் ஒன்பது நாள் இருந்தாள். கடைசி நாள் காலையில் மச்சினி நர்ஸுக்குக் கதவு திறக்கப் போனபோது நான் உள்ளே போனேன். உதடு காய்ந்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைக்கலாம் என்று குனிந்தேன். அவள் தலை சுவர்ப்பக்கம் திரும்பியது. இதைத்தான் மச்சினி திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, சாகிற நேரத்தில்கூட அக்காவுக்கு என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு வியாதியைப் பற்றி என்ன தெரியும். அந்தக் கட்டத்தில் கழுத்தில் பலம் இருக்காது, மேடம்; தலை தானாகச் சாய்ந்துவிடும். நான் கன்னத்தில் கை வைத்து மூன்று தடவை என் பக்கம் திருப்பி வைத்தேன். மூன்று தடவையும் சுவர்ப்பக்கமே போய்விட்டது. பலவீனம்தான்.